ஆடாத கப்பலில் ஒரு முடிச்சு

"துப்பறியற வேலைக்கு மூளை இருந்தா போதும்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க, சித்தப்பா? ஏணியைப் பத்தி மூச்சே விடலையே."

"புலம்பாம இறங்கு."

"இறங்கறேன். திரும்ப மேல ஏத்த கிரேன் இருக்கான்னு மட்டும் கேட்டு வைங்க. எனக்கில்ல, உங்களுக்கு."

மூச்சு வாங்கும்போது சித்தப்பா என்னோடு மல்லுக்கு நிற்க மாட்டார். அவர் உடம்பின் கனம் தாங்காமல் அந்த இரும்பு ஏணி படிக்குப் படி முனகியது. எங்களுக்கு முன்னால் டார்ச்சோடு போன மனிதருக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கைப்பிடியில் கை வைத்ததுதான் தெரிந்தது, அடுத்த நிமிடம் கீழே நின்று எங்களுக்கு வெளிச்சம் காட்டினார்.

"தலையைப் பாத்துக்கோங்கம்மா. அந்தக் குழாய் தாழ்வா வரும்" என்றார்.

அவர்தான் அத்தான். எங்களுக்கு உறவில்லை. கப்பல் கட்டுகிற இந்த யார்டின் சொந்தக்காரியை வேலை செய்கிற அத்தனை பேரும் 'அக்கா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால், அவர் கணவர் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் 'அத்தான்' ஆகிவிட்டார். தங்கமான மனிதர். காலையில் கேட்டில் என் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டைத் தேடிக் கொடுத்தவர் அவர்தான். அக்காவின் கார் சாவி, அக்காவின் மாத்திரை, அக்காவின் படிக்கிற கண்ணாடி எல்லாம் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தன.

நாங்கள் நின்ற இடம் கப்பலின் அடிவயிறு. புத்தம் புதுசு. கடலில் இன்னும் ஒரு முழம் நகராதது. இதைக் கப்பல் என்று சொல்வதே அதற்கு மரியாதைக் குறைவு. எங்கள் பேட்டையில் இருக்கிற அத்தனை வீட்டுச் சாமானையும் பெட்டி பெட்டியாகக் கட்டி ஏற்றினாலும் இதில் ஒரு மூலைதான் நிறையும். இன்ஜினே மூன்று மாடி உயரம். அந்த இன்ஜினைத்தான் யாரோ கொன்றிருக்கிறார்கள்.

போன வாரம் கரையோரத்தில் நிற்கும்போதே முதல் தடவையாக அதை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஓலம் போட்டு நின்றுவிட்டது. ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே கறுப்பு மணல். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்புத் தகட்டில் துருவை அடித்து எடுக்கிற மணல். ஆயிலோடு கலந்து போய் இன்ஜினின் மூட்டு மூட்டாக அரைத்துத் தள்ளிவிட்டது.

டேங்க் பக்கத்தில் பெயிண்ட் ஃபோர்மேனின் கையுறை கிடந்தது. அவருக்கும் அக்காவுக்கும் அதற்கு முந்தின நாள்தான் வாய்த்தகராறு. ஆக, ஃபோர்மேன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

பழுது பார்க்க மாதக்கணக்காகும். கப்பலை ஒப்படைக்க வேண்டிய கெடுவோ நெருங்கிவிட்டது. கெடு தாண்டினால், வாங்குகிறவர் 'எனக்கு வேண்டாம்' என்று கையைக் கழுவிவிட்டு அட்வான்ஸ் மொத்தத்தையும் திருப்பிக் கேட்கலாம். அந்தப் பணமெல்லாம் எப்போதோ இரும்பாகி, கப்பலாகி நிற்கிறது. அக்காவால் கொடுக்க முடியாது. பேங்க் யார்டுக்குப் பூட்டுப் போட்டுவிடும்.

வாங்குகிறவர் யார் என்கிறீர்கள்? அக்காவின் சொந்தத் தம்பி. பெரிய ஷிப்பிங் முதலாளி. சித்தப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவரேதான் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து, சித்தப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கடன் குடுத்தவங்க கழுத்தைப் பிடிக்கறாங்கடா. கெடு தாண்டினா ரத்து பண்ணித்தான் ஆகணுமாம். என் கையாலயே எங்க அக்கா வயித்துல அடிக்கணுமா? எவன் செஞ்சான்னு கண்டுபிடி. உன்னைத் தவிர யாரையும் நான் நம்பல" என்று கண் கலங்கினார். சித்தப்பாவுக்கும் கண் கலங்கியது. நானே கைக்குட்டையைத் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இதுதான் டேங்க்" என்றார் அத்தான்.

சித்தப்பா மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். "மூடி இப்படியேதான் இருந்ததா?"

"ஆமாங்க. போலீஸ் ஃபோட்டோ எடுத்துட்டு, திறந்து பாத்துட்டு, மறுபடி இருந்த மாதிரியே மூடிட்டாங்க."

"எல்லா போல்ட்டும் முறுக்கியிருந்ததா?"

"அப்படித்தான் சொன்னாங்க. சுத்தமாத் துடைச்சுக்கூட இருந்துச்சாம்."

"நாசம் பண்ண வந்தவன் துடைச்சுட்டுப் போயிருக்கான். எங்க வீட்டு வேலைக்கு வருவானான்னு கேக்கணும்" என்றபடி நான் சித்தப்பாவின் பக்கம் போக ஒரு எட்டு வைத்தேன். இருட்டில் ஏதோ வாளி தட்டுப்பட்டது. சும்மா ஒதுக்கிவிடலாம் என்று காலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

வாளி நகரவில்லை. என் கட்டைவிரல் நகர்ந்தது.

"ஐயோ! அம்மா!"

"என்னாச்சு?"

"எந்த மகராசன் வாளியைக் கட்டி வச்சிருக்கான்?"

சித்தப்பா டார்ச்சைத் திருப்பினார். மூன்று வாளிகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, குப்புறக் கவிழ்த்து, கைப்பிடிகளைச் சேர்த்து ஒரு குழாயோடு கயிற்றால் கட்டியிருந்தது. விளிம்பில் கறுப்பு மணல் ஒட்டியிருந்தது. சித்தப்பா கயிற்றின் நுனியை லேசாக இழுத்தார். அத்தனை இறுக்கமான முடிச்சு, பட்டென்று கழன்று விழுந்தது.

"கட்டாம விட்டா உருண்டு போய் யார் கால்லயாவது இடிக்கும்ல" என்றார் அத்தான் என் காலைப் பார்த்து, வருத்தத்தோடு.

நியாயமாகத்தான் பட்டது. கட்டியிருந்ததால்தான் என் காலில் இடித்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. பெரிய மனிதர், பாவம்.

சித்தப்பா கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு ஏணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பெயிண்ட் ஃபோர்மேன் யார்டு வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு அனுப்பிய பிறகும் தினமும் காலையில் வந்துவிடுகிறாராம். கழுத்து நரம்பு புடைத்த ஆள். பேச ஆரம்பிக்கும்போதே சண்டையின் நடுவில் இருப்பவர் போலத்தான் ஆரம்பித்தார்.

"என்ன, நீங்களும் கையுறையைக் காட்டி மிரட்ட வந்தீங்களா? அது என்னோடதுதான். போங்க, எழுதிக்கோங்க. என் ரூம்ல ஆணியில மாட்டியிருந்தது. எந்தக் கழுதை வேணா எடுத்திருக்கலாம்!"

"கையுறை கிடக்கட்டும்" என்றார் சித்தப்பா. "உங்க செக்‌ஷன்ல வேலை முடிஞ்சதும் வாளியை எங்க வைப்பாங்க?"

"வைக்கறதா? எறிவாங்க. என் ஆளுங்களுக்கு வாளியை வைக்கத் தெரிஞ்சா நான் ஏன் நாள் முழுக்கக் கத்தறேன்?"

"கயித்துல கட்டி வைப்பாங்களா?"

அவர் சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சாருக்கு வெயில் ஒத்துக்கலையாம்மா?"

"அவருக்கு ஏணியே ஒத்துக்கல" என்றேன்.

"வாளியை எதுக்குங்க கட்டணும்? அது என்ன மாடா, ஓடிப்போக?"

சித்தப்பா டீயைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மெல்லத் தேய்த்துக்கொண்டார். அப்படிச் செய்தால் எதுவோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

"வாயாடி, நீ வீட்டுல வாளியைக் கட்டி வைப்பியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"வீடு ஆடாதே."

"கடல்ல போற கப்பல் ஆடும். சும்மா விட்டா ஒரு ஸ்பேனர்கூட உருண்டு போய் எவன் மண்டையையாவது உடைக்கும். அதனால கப்பல்ல வேலை பாக்கறவன் கையில எடுத்ததைக் கட்டாம விட மாட்டான். திறந்ததை மூடாம விட மாட்டான். எண்ணெய் சிந்தினா வழுக்கும்னு துடைக்காம விட மாட்டான். நினைச்சுப் பாத்துச் செய்யறது இல்ல. கை பாட்டுக்குச் செஞ்சுடும்."

"ஆனா நம்ம கப்பல் கரையோட கட்டிக் கிடக்கு. ஒரு ஆட்டமும் இல்ல."

"அதேதான். ஆடாத கப்பல்ல வாளியைக் கட்டியிருக்கான். மணலைக் கொட்டினவன் கப்பலை அழிக்கத்தான் வந்தான். அப்பவும் அவன் கை அதைப் பத்திரமாப் பாத்துக்கிட்டிருக்கு."

ஃபோர்மேன் எழுந்தே விட்டார். "அப்படின்னா நான் இல்ல! நான் படகுல ஏறினாலே வாந்தி எடுக்கற ஆளு!"

"யார்டுல கடலுக்குப் போனவங்க யாரு?"

"எங்க ஆளுங்க எல்லாம் கட்டறதோட சரி. ஓட்டறவங்கன்னா..." அவர் முகத்தில் கோபம் புது இலக்கைக் கண்டுபிடித்தது. "வாங்கற கம்பெனி உக்கார வச்சிருக்கே, ஒரு கேப்டனும் நாலஞ்சு பேரும்! கட்டற வேலையில குத்தம் கண்டுபிடிக்கன்னே வந்த பசங்க! அவனுங்கதான்!"

வாங்குகிற கம்பெனி. அதாவது அக்காவின் தம்பி. சித்தப்பாவின் பெஞ்சுத் தோழர். சித்தப்பா டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை. அவர் அப்படி விட்டுவிட்டுப் போகிற ஆளே இல்லை.

கேப்டனின் அறை யார்டின் கடலோர மூலையில் இருந்தது. மேஜையில் பென்சில் ஸ்டாண்டுகூட டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. நான் சித்தப்பாவை முழங்கையால் இடித்தேன். அவர் கண்ணாலேயே அடக்கினார்.

கேப்டன் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "எங்க மேல சந்தேகம்னா நேராக் கேளுங்க. இன்ஜினை ஓட்டிப் பாக்கறதுக்கு முந்தின நாள் நாங்க யாரும் ஊர்லயே இல்ல."

"எல்லாருமேவா?"

"எல்லாரும். எனக்கு டீ போடற பையன் வரைக்கும். முதலாளி தலைமை ஆபீஸுக்குக் கூப்பிட்டாரு. அவசர மீட்டிங்னாரு. பறந்தடிச்சுப் போனோம். பெரிய ஹோட்டல்ல சாப்பாடு போட்டாரு, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு, ராத்திரி தங்க வச்சு அனுப்பிட்டாரு. மீட்டிங்ல பேசினது அவ்வளவுதான்."

"இதுக்கு முன்னாடி அப்படிக் கூப்பிட்டிருக்காரா?"

"கப்பல் கட்டற இடத்துல எங்க ஆளு ஒருத்தன்கூட இல்லாம விடறதாவது! நான் சொல்லிப் பாத்தேன். பரவால்ல, எல்லாரும் வாங்கன்னாரு."

சித்தப்பா நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். "கேப்டன், இந்தக் கப்பல் முடிஞ்சா அதுக்குச் சரக்கு இருக்கா?"

கேப்டன் சிரித்தார். சந்தோஷமில்லாத சிரிப்பு. ஜன்னல் திரையை ஒதுக்கினார். தூரத்தில் கடலில் வரிசையாகக் கப்பல்கள் நின்றன. நகரவில்லை. காலையில் வந்தபோது அவற்றைப் பார்த்து, என்ன சுறுசுறுப்பான துறைமுகம் என்று வியந்தவள் நான்.

"அதுல ஒண்ணுக்கும் வேலை கிடையாதுங்க. வாடகை ஏறிக் கிடந்தப்ப ஊர்ல இருக்கற ஷிப்பிங் முதலாளி அத்தனை பேரும் ஒரே நேரத்துல ஆர்டர் குடுத்தாங்க. உன்னோடதை விட என்னோடது பெருசுன்னு போட்டி வேற. கப்பல் கட்டி முடிக்க வருஷக்கணக்காகும். முடிச்சு வெளிய வரும்போது பாத்தா எல்லாருமே கட்டி முடிச்சிருக்கான். சரக்கு அதே சரக்குதான். பெட்டியை ஏத்திட்டுப் போனா டீசல் காசுக்கே கட்டுப்படியாகல."

"ஒரு பயணி வந்து இறங்கறான், பத்து டாக்சிக்காரன் சட்டையைப் பிடிக்கறான். அந்தக் கதை" என்றேன்.

"அதுலயும் பத்தாவது டாக்சிக்காரன் கடன் வாங்கி பஸ்ஸே வாங்கிட்டு வந்து நிக்கறான். அந்தப் பஸ்தான் இது." கேப்டன் திரையை விட்டார். "அங்க நிக்கறதுல ரெண்டு எங்க முதலாளியோடது. நிறுத்தி வைக்கவே வழியில்லாம முழி பிதுங்கிக்கிட்டிருக்காரு. இதையும் குடுத்தா அவரு கதை முடிஞ்சுது."

வெளியே வந்ததும் சித்தப்பா ஒரு இரும்புக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் கிண்டல் செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வாய் வராது.

"அவனுக்குக் கப்பல் வேணாம்" என்றார். "ஆனா வேணாம்னு அவனா சொன்னா அட்வான்ஸ் போயிடும். கெடு தாண்டணும். அதுவும் யார்டு தப்பால தாண்டணும். வாங்கறவன் தரப்பால தாமதம்னா கெடு தானாத் தள்ளிப் போயிடும், கப்பலை எடுத்துத்தான் ஆகணும். அதான் அவன் ஆளுங்களைச் சுத்தமா வெளிய எடுத்துட்டான். கையுறையை வச்சுட்டான். அப்புறம் அந்தக் கையுறையை நம்பி, ஃபோர்மேன்தான்னு எழுதித் தர ஒரு ஆளு வேணும்ல?"

"சித்தப்பா..."

"உன்னைத் தவிர யாரையும் நம்பலைன்னானே. நான் முட்டாள்னு நம்பியிருக்கான். அது ஒண்ணைத்தான் நம்பியிருக்கான்."

அந்த ஆளின் கண்ணீரைப் பார்த்து நானும் கைக்குட்டையைத் தேடினேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மணலைக் கொட்டின கை யாரோடது?" என்றேன்.

"தெரியல. அவன் பக்கத்துல கடலுக்குப் போன வேற எவனோ இருக்கான். முதல்ல அந்த அம்மாகிட்டச் சொல்லணும். தம்பியை நம்பி உக்காந்திருக்காங்க."

அக்காவின் வீடு யார்டு ஆபீஸின் மாடியில். ஹாலில் ஒரு பெரிய சோபா, ஜன்னலோரம் ஒரு பூச்சாடி, சுவரில் தம்பியைத் தோளில் தூக்கி வைத்திருக்கிற ஒரு சிறுமியின் பழைய படம். அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

சித்தப்பா சொல்லச் சொல்ல அவர் மறுக்கவில்லை, கத்தவில்லை. கேப்டன் சொன்னதைக் கேட்டதும் மட்டும் ஒரு தடவை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"அவனை நான்தாங்க வளர்த்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தப்பல்லாம், அவன் படிப்பு முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். அவனோட முதல் கப்பலை நஷ்டத்துல கட்டிக் குடுத்தேன். எங்கிட்ட வந்து, அக்கா, நான் மூழ்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாதியில நிறுத்தியிருப்பேனே. ஏதாவது வழி பண்ணியிருப்பேனே."

அவர் அழுவார் என்று பயந்து, நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். எனக்கு யார் அழுதாலும் கை சும்மா இருக்காது. பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம் என்று தூக்கினேன்.

வரவில்லை.

"அதை இழுக்காதம்மா" என்றார் அக்கா. அந்த நிலையிலும் அவருக்குச் சின்னச் சிரிப்பு வந்தது. "கட்டி வச்சிருக்கும். எல்லாம் உங்க அத்தான் வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி கப்பல்ல இன்ஜினியரா இருந்தாரு. இறங்கி எத்தனையோ வருஷமாச்சு, இன்னும் வீடு ஆடும்னு பயம் அவருக்கு. நான் அவுத்து அவுத்து விட்டு அலுத்துப் போயிட்டேன்."

ஜன்னல் கம்பியோடு கயிறு. நான் நுனியை லேசாக இழுத்தேன். பட்டென்று கழன்று விழுந்தது.

கட்டாமல் விட்டால் உருண்டு யார் காலிலாவது இடிக்கும் என்று காலையில் சொன்ன குரல் என் காதிலேயே நின்றது. திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் டீத் தட்டோடு அங்கே நின்றிருந்தார். என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். சித்தப்பா பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த இன்னொரு கயிற்றையும் பார்த்தார்.

"இது வாளியில இருந்தது" என்றார் சித்தப்பா.

அக்கா முதலில் கயிற்றைப் பார்த்தார். பிறகு கணவரை. நல்ல புத்திசாலி அவர். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்களா?" என்றார். "என்னங்க, நீங்களா?"

அத்தான் தட்டை வைத்தார். டீ சிந்தியது. சட்டை நுனியாலேயே அதைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மச்சான் சொன்னான். யார்டு பேங்க் கைக்குப் போனதும் தானே ஏலத்துல எடுத்துடறதா. எடுத்து என்னை எம்.டி. ஆக்கறதா."

"அதுக்காகவா?"

"உனக்கு அது சின்ன விஷயம்." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "கடல்ல நான் சீஃப் இன்ஜினியர். சீஃப்னு கூப்பிட்டா மொத்தக் கப்பலும் திரும்பும். இங்க வந்து இத்தனை வருஷத்துல எனக்கு என்ன பேரு? அத்தான்! உன் கண்ணாடியைத் தூக்கிட்டு வர்றவன். வாட்ச்மேன்கூட என்னை அத்தான்னுதான் கூப்பிடறான்!"

"ஒரு நாளாவது எங்கிட்டச் சொன்னீங்களா?"

அவர் தட்டில் இருந்த டம்ளர்களை ஒழுங்காக நகர்த்தி வைத்தார். காலையில் அவரைத் தங்கமான மனிதர் என்று நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நான்தான் முதலில் விஷயத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்தேன். "சித்தப்பா, போச்சு! கேப்டன் ஆளுங்க செஞ்சிருந்தா வாங்கறவர் தப்பு. செஞ்சது அக்காவோட புருஷன். அப்போ இது யார்டு தப்புதானே?"

"அதுக்குத்தான் இவரைப் பிடிச்சான்" என்றார் சித்தப்பா. "மாட்டலைன்னா ஃபோர்மேன். மாட்டினா புருஷன். எப்படிப் பாத்தாலும் அவனுக்குக் கப்பல் வேணாம்." போனை எடுத்து மேஜையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். "என் கட்சிக்காரன்கிட்ட ரிப்போர்ட் சொல்லணும்ல. எல்லாரும் சத்தம் காட்டாதீங்க."

முதல் மணியிலேயே எடுத்தார் தம்பி. "சொல்றா! ஃபோர்மேன் ஒத்துக்கிட்டானா?"

"ஃபோர்மேன் இல்லடா. உங்க அத்தான்."

ஐயோ என்றோ, அவரா என்றோ, ஏன் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை.

"சரி. எழுத்துல குடுத்துடு. யார்டு முதலாளியோட புருஷனே செஞ்சான்னு தெளிவா எழுது."

"அவரைக் கேட்டா வேற எதாவது சொல்லுவாரோ?"

"என்ன வேணா உளறுவாரு. எம்.டி. ஆக்கறேன்னு நான் சொன்னதாக்கூடச் சொல்லுவாரு. பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னாடியே நின்ன ஆளை எவனாவது எம்.டி. ஆக்குவானா? இன்னைக்குக் கப்பல் கட்டற தொழில்ல எவனாவது பணத்தைப் போடுவானா? கடலோரத்துல இவ்வளவு நிலம்டா. இடிச்சுட்டு வித்தா என் கடன் பாதி..."

"மச்சான்" என்றார் அத்தான். "நான் இங்கதான் இருக்கேன்."

சித்தப்பா போனின் பக்கம் குனிந்தார்.

"எம்.டி. விஷயத்தை நான் உங்கிட்டச் சொல்லவே இல்லையேடா" என்றார் சித்தப்பா அமைதியாக. "நான் முட்டாள்தான். ஆனா காது கேக்கும். நாலு பேருக்கும் கேட்டுச்சு."

அத்தான் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஒரே நிமிடத்தில் வயதாகிப் போயிருந்தார். "நான் கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்றேன்" என்றார் மனைவியிடம். "அவன் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்றேன். அப்போ தாமதம் அவனால வந்ததாயிடும், கெடு தள்ளிப் போகும். யார்டு உன் கையை விட்டுப் போகாது. உனக்காக..."

"எனக்காக வேணாம்" என்றார் அக்கா. "உங்களை ஏமாத்திட்டான்ல, அந்தக் கோபத்துல சொல்லுங்க. அது போதும். எனக்காகச் செய்யறவரா இருந்திருந்தா அவன் கேட்ட அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்க."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தம்பி."

"அக்கா..." எங்கள் ஆபீஸில் அழுதபோது இருந்த அதே குரல். இப்போது அது உண்மையாகவே அழுதது. "அக்கா, தப்பு பண்ணிட்டேன்கா. எனக்கு வேற வழி தெரியல. நீ ரத்து பண்ணிடு, நான் கையெழுத்துப் போடறேன், பாதி அட்வான்ஸ் போதும்கா. கால்வாசி போதும்."

"ரத்தெல்லாம் இல்லப்பா."

"அக்கா, அந்தக் கப்பல் வந்தா நான் அழிஞ்சு போயிடுவேன்கா."

"தெரியும்" என்றார் அக்கா. சின்னப் பிள்ளையிடம் சாப்பிடச் சொல்கிற மாதிரி அவ்வளவு நிதானமாக இருந்தது அவர் குரல். கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. "ஒரு போல்ட்டு குறையாமக் கட்டி முடிச்சுத் தர்றேன். வந்து வாங்கிக்கோ."